அத்தவால்பாவின் பொற்குவளை

மன்னர்களின் வரலாற்றை எழுதுவோர் அவர்கள் வென்ற போர்களையும் கட்டிய கோயில்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். இன்காப் பேரரசின் கடைசிப் பெருவேந்தனாகிய அத்தவால்பாவின் வரலாற்றுக்கு அந்த வழக்கம் போதாது. அவன் பகைவனை எள்ளியதும், அயலாரை வரவேற்றதும், சிறையிலிருந்து மீள முயன்றதும், இறுதியில் உயிர்விட்ட முறையுங்கூட ஒரு பொருளைச் சுற்றியே சுழல்கின்றன. அந்தப் பொருள் பொன்னாற் செய்த குடிகலம்.

பள்ளிக்கூடத்தில் அவனைப் பற்றி நாம் படித்தது பெரும்பாலும் இரண்டு வரிதான். அறை நிறையப் பொன் கொடுத்தான். கொடுத்த பிறகும் கொல்லப்பட்டான். ஓர் அறையை நிரப்பும் பொன் எந்த வடிவில் இருந்தது, கட்டியாகவா, காசாகவா என்று ஆசிரியரை நாம் கேட்டதில்லை. காசாக இருந்திருக்க முடியாது. இன்காக்களின் நாட்டில் காசு என்பதே கிடையாது. பணமில்லாத ஒரு பேரரசு எப்படி நடந்தது என்பதைச் சற்றே அறிந்துகொண்டால்தான் அத்தவால்பாவின் கதை விளங்கும்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டீஸ் மலைத்தொடர். அதன் நடுவில் உள்ள குஸ்கோ நகரிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் எழுந்த இன்காக்கள், நூறாண்டுக்குள் இன்றைய கொலம்பியாவின் தென் எல்லை முதல் சிலி நாட்டின் நடுப்பகுதி வரை தங்கள் ஆணையைப் பரப்பினர். அவர்களுக்கு எழுத்து இல்லை. முடிச்சிட்ட கயிறுகளில் கணக்கு வைத்தனர். குடிமக்கள் வரியாகக் கொடுத்தது உழைப்பு. நிலத்தை உழுதார்கள், மலையைக் குடைந்து பாதை போட்டார்கள், படைக்குப் போனார்கள். அதற்கு ஈடாக அரசன் செய்ய வேண்டிய கடமை ஒன்று இருந்தது. அவன் விருந்து வைக்க வேண்டும். வயிறாரக் குடிக்கக் கொடுக்க வேண்டும்.

குடிப்பது மக்காச்சோளத்து மது. சோளத்தை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, காய்ச்சிப் புளிக்கவிட்டு எடுப்பார்கள். சிச்சா என்பது ஸ்பானியர் அதற்கு வழங்கிய பெயர். அரசனுக்கும் கோயிலுக்கும் வேண்டிய சிச்சாவைக் காய்ச்சவும் உயர்ந்த துணி நெய்யவும் என்றே நாடெங்கும் பெண்களைத் தேர்ந்தெடுத்து, மதில் சூழ்ந்த இல்லங்களில் வைத்திருந்தனர். மதுவிலக்கில் பற்றுள்ள அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அந்த நாட்டில் அரசாங்கமே அந்தப் பானையின்மேல்தான் நின்றது.

குடிக்கும் கலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடி குறுகி வாய் விரிந்த உயரமான குவளை அது. மரத்தாற் செய்ததைக் கேரோ என்றும், பொன்னிலோ வெள்ளியிலோ செய்ததை அக்கில்லா என்றும் அழைத்தனர். எப்போதும் இரண்டு இரண்டாகவே செய்வது வழக்கம். ஒரே உயரம், ஒரே வாய்ப்பு, ஒரே வேலைப்பாடு. விருந்தளிப்பவன் இரண்டையும் நிரப்பி, ஒன்றை விருந்தினன் கையில் தருவான். மற்றதைத் தான் எடுத்துக் குடிப்பான். தனியே குடிப்பது என்ற பேச்சே இல்லை. இருவரும் குடித்ததும் அவர்களுக்கிடையே ஓர் உறவும், திருப்பிச் செய்ய வேண்டிய ஒரு கடனும் ஏற்பட்டுவிடும். இன்கா அரசன் ஒரு சிற்றரசனுக்குக் குவளை அனுப்பினால், அதை வாங்கிக் குடிப்பது பணிவுக்கு அடையாளம். மறுப்பது போருக்கு அழைப்பு.

தெய்வத்தோடும் இப்படியே குடித்தார்கள். இன்கா குலத்துத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ டி லா வேகா என்பவர் தம் நூலில் சூரியத் திருவிழாவை விரிவாக எழுதியிருக்கிறார். கதிரவன் எழுந்ததும் அரசன் இரண்டு பொற்குவளைகளைக் கையில் ஏந்துவான். வலக்கையில் உள்ளது சூரியனுக்கு; இடக்கையில் உள்ளது தனக்கும் தன் உற்றாருக்கும். சூரியனுக்கு உரியதை ஒரு பொற்பாத்திரத்தில் ஊற்றுவான். அங்கிருந்து அது கால்வாய் வழியே கோயிலுக்குள் ஓடும்; சூரியன் குடித்துவிட்டான் என்று கொள்வார்கள்.

இக்கலை இன்காக்கள் கண்டுபிடித்ததன்று. அவர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பெருவின் வடகரையில் லம்பாயேக்கே பகுதியில் சிக்கான் என்று இன்று அழைக்கப்படும் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுடைய பொற்கொல்லர் ஒரே பொன் தகட்டை அடித்து, தீயில் வாட்டி, மறுபடியும் அடித்து, மர அச்சின்மேல் வளைத்து, ஒட்டுப்போடாமல் குவளையாக்கினர். சில குவளைகளில் ஒரு முகத்தைத் தலைகீழாக அமைத்திருப்பார்கள். கீழே வைத்திருக்கும்போது முகம் கவிழ்ந்து நிற்கும். குடிப்பதற்காக உயர்த்திச் சாய்த்தால் எதிரே இருப்பவனை நேராகப் பார்க்கும். குடிப்பவனுக்கு மதுவின் சுவை. எதிரில் உள்ளவனுக்குத் தெய்வத்தின் பார்வை! இவர்களுக்குப் பின் அதே கரையில் ஆண்ட சிமூ மக்களும் பொன்னிலும் வெள்ளியிலும் வல்லவர்கள். 1470ஐ ஒட்டிச் சிமூ நாட்டை வென்ற இன்காக்கள், அவர்களுடைய பொற்கொல்லரைக் குஸ்கோவுக்கே கொண்டுபோய்க் குடியேற்றினர். அத்தவால்பா பிறந்தபோது அந்தக் கொல்லர்களின் பிள்ளைகள் அரண்மனைப் பட்டறைகளில் சுத்தியல் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அத்தவால்பா 1502ஐ ஒட்டிப் பிறந்தான். தந்தை உவைனா கபாக், பேரரசின் பதினோராம் வேந்தன். தாய் யார், பிறந்த ஊர் எது என்பதில் அக்காலத்து நூல்களே ஒன்றையொன்று மறுக்கின்றன. எக்குவடோர் நாட்டார் அவனைக் கீட்டோவின் மைந்தன் என்று கொண்டாடுகிறார்கள். குஸ்கோவில் பிறந்தவன் என்போரும் உளர். எங்கே பிறந்தாலும் வளர்ந்தது வடக்கில், தந்தையின் பாசறையில். உவைனா கபாக் தன் இறுதி ஆண்டுகளை வட எல்லைப் போர்களிலேயே கழித்தவன். பட்டறிவும் படையறிவும் மகனுக்கு அங்கேதான் கிடைத்தன. தந்தையின் தளபதிகளாகிய சல்குசிமா, கிஸ்கிஸ், ரூமிஞாவி ஆகியோர் இளவரசனை நன்கு அறிந்திருந்தனர். பின்னாளில் அவனுக்காகப் போரிட்டவர்கள் அவர்களே.

ஏறத்தாழ 1527இல் ஒரு கொள்ளைநோய் பேரரசின்மேல் பாய்ந்தது. ஐரோப்பியர் கொண்டுவந்த பெரியம்மையாக இருக்கலாம் என்பது பலர் முடிவு. ஸ்பானியரின் படை மலை ஏறுவதற்கு முன்பே அவர்களுடைய நோய் ஏறிவிட்டது. உவைனா கபாக் மாண்டான். அவன் வாரிசாகக் குறித்த மகனும் மாண்டான். குஸ்கோவில் இருந்த இன்னொரு மகன் உவாஸ்கார் முடிசூடினான். அத்தவால்பா வடக்கிலேயே தங்கிவிட்டான். தம்பி வராதது அண்ணனுக்கு ஐயத்தை வளர்த்தது. ஐயம் பகையாயிற்று; பகை போராயிற்று.

அந்தப் போரின் ஒவ்வொரு களத்தையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் அத்தவால்பா பிடிபட்டுத் தொமேபம்பா நகரில் சிறைவைக்கப்பட்டான். ஓரிரவு சுவரைத் துளைத்துத் தப்பினான். சூரியன் தன்னைப் பாம்பாக்கி வெளியே அனுப்பியதாக அவன் சொல்லிக்கொண்டான் என்பர். பிறகு அதே நகரத்தின்மேல் திரும்பி, தன்னைப் பிடித்துக் கொடுத்த மக்களை இரக்கமின்றி அழித்தான். குவமச்சுகோவில் ஓர் ஆருடத் தெய்வம் தனக்குத் தீங்கு நேரும் என்று கூறியதற்காக, அதன் கோயிலை இடித்து அந்தத் தெய்வத்தின் தலையையே உடைத்தான். அவனைப் பற்றி இரங்கி எழுதுவோர் இவற்றை மறைத்துவிடுகிறார்கள். மறைக்க வேண்டியதில்லை; கெட்டவனுக்கும் அநீதி இழைக்கப்படலாம்.

போரின் தொடக்கக் கட்டத்தில் உவாஸ்காரின் படைத்தலைவன் அத்தோக் தோற்றுப் பிடிபட்டான். அவனைக் கொன்று, தலையைப் பதப்படுத்தி, அதை ஒரு குடிகலமாக்கினார்கள். பின்னாளில் கஹமார்க்காவில் இத்தகைய ஒரு தலையை நேரில் கண்ட ஸ்பானிய வீரர் கிறிஸ்தோபல் டி மேனா அதை எழுதிவைத்திருக்கிறார். தோலும் மயிரும் அப்படியே இருந்தன. உச்சியில் ஒரு பொற்கிண்ணம் பதித்திருந்தது. பற்களுக்கிடையே ஒரு வெள்ளிக் குழாய். தன் அண்ணன் தன்மேல் தொடுத்த போர் நினைவுக்கு வரும்போதெல்லாம் அத்தவால்பா அதில் சிச்சா ஊற்றிக் குடிப்பானாம். படிக்கும் நமக்கு உடல் நடுங்குகிறது. ஆனால் இணைக்குவளை வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அதன் முழுக் கொடுமையும் விளங்கும். குடிப்பதற்கு எதிரே ஒருவன் வேண்டும் அல்லவா? எதிரே இருந்து குடிக்க வேண்டியவனையே அவன் குவளையாக்கிவிட்டான்.

1532இல் குஸ்கோவுக்கு அருகே உவாஸ்கார் சிறைப்பட்டான். பேரரசு அத்தவால்பாவின் கைக்கு வந்தது. வெற்றிச் செய்தி வந்தபோது அவன் வடமலையில் கஹமார்க்கா நகருக்கு வெளியே இருந்த வெந்நீர் ஊற்றுகளில் தங்கியிருந்தான். பல்லாயிரம் வீரர்கள் அவனைச் சூழ்ந்து கூடாரமடித்திருந்தனர். அப்போதுதான் பிரான்சிஸ்கோ பிசாரோ மலையேறி வந்தான். அவனிடம் இருந்தவர்கள் 168 பேர். அவர்களில் குதிரைவீரர் 62 பேர். உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோரை நடத்தி வென்ற வேந்தனுக்கு இது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

1532 நவம்பர் 15ஆம் நாள் மாலை, எர்னாண்டோ டி சோட்டோவும் பிசாரோவின் தம்பி எர்னாண்டோவும் குதிரைகளோடு அவனைக் காணப் போயினர். அத்தவால்பா ஒரு தாழ்ந்த இருக்கையில் அமர்ந்திருந்தான். நெற்றியில் அரசுரிமைக்கு அடையாளமான செந்நிறக் குஞ்சம் தொங்கியது. சோட்டோ குதிரையை வெகு அருகில் கொண்டுபோய் நிறுத்தினான். குதிரையின் மூச்சுக் காற்றில் குஞ்சம் அசைந்ததாம். அரசன் இமைகூட அசையவில்லை. அவன் அதற்கு முன் குதிரையையே கண்டதில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இறங்கி உணவு கொள்ளும்படி அவன் சொன்னான். வந்தவர்கள் இறங்க மறுத்தனர். அப்படியானால் குடிக்கவேனும் வேண்டும் என்றான். அவர்கள் அச்சத்தோடு இசைந்தனர். பெண்கள் பொற்குவளைகளில் சிச்சா கொண்டுவந்தார்கள். அத்தவால்பா ஒரு சொல்லும் பேசாமல் கண்ணை உயர்த்தி அந்தப் பெண்களைப் பார்த்தான். உடனே அவர்கள் விரைந்து உள்ளே சென்று, அவற்றைவிடப் பெரிய பொற்குவளைகளோடு திரும்பிவந்தனர். பிசாரோவின் செயலாளர் பிரான்சிஸ்கோ டி ஹெரெஸ் இதைக் குறித்துவைத்திருக்கிறார். அவருக்கு அதன் பொருள் தெரிந்திராது. குவளைகளின் பருமனே அவர் மனத்தில் பதிந்தது. அரசனின் கண்ணசைவில் இருந்த பொருள் வேறு. விருந்தினரின் தகுதிக்குக் குவளை சிறிது என்பதே அவன் குறிப்பு. அன்று மாலை அவன் அயலாரை மதித்தான் என்றே கொள்ள வேண்டும். அல்லது பெரிய குவளையால் பெரிய கடனில் அவர்களைக் கட்டிப்போட எண்ணினான் என்று கொள்ளலாம். இரண்டும் ஒன்றுதான். குதிரைமேல் இருந்தவர்களோ, குடித்து முடித்தபின் குவளையின் எடையை மனத்துக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டே திரும்பியிருப்பார்கள்.

இன்காக்களிடையே இந்தக் கதை வேறு விதமாக வழங்கியது. அத்தவால்பாவின் தம்பி மகன் தீத்து குசி 1570இல் சொல்லி எழுதுவித்த வரலாறு ஒன்று உண்டு. அதன்படி, தன்னைக் காண வந்த ஸ்பானியர் ஒருவருக்கு அத்தவால்பா பொற்குவளையில் சிச்சா தந்தான். அவர் அதை வாங்கித் தரையில் கொட்டிவிட்டார். பிறகு அவர்கள் தங்கள் கடவுளின் எழுத்து என்று ஏதோ ஒன்றைக் காட்டியபோது, கொட்டிய சிச்சாவை நினைத்துச் சினந்திருந்த அரசன் அதை வீசி எறிந்தான். ஸ்பானிய நூல்களில் வேதநூலை எறிந்த கதை மட்டும் இருக்கிறது. குவளையைக் கவிழ்த்த கதை இல்லை. நடந்தது எதுவாயினும், தங்களுக்கு இழைத்த முதல் அவமதிப்பு எது என்று அந்த மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பது தெளிவு.

மறுநாள், நவம்பர் 16, நடந்ததை உலகம் அறியும். அத்தவால்பா பல்லக்கில், ஆயுதமில்லாத சில ஆயிரம் பேர் சூழக் கஹமார்க்காச் சதுக்கத்துக்குள் வந்தான். வால்வெர்டே என்ற பாதிரியார் நூலை நீட்டினார். அரசன் அதைப் பார்த்து எறிந்தான். மறைந்திருந்த பீரங்கி முழங்கியது, குதிரைகள் பாய்ந்தன. இருட்டுவதற்குள் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பல்லக்கைத் தாங்கியவர்கள் வெட்டுண்டு விழ விழ, வேறு பலர் ஓடிவந்து தோள் கொடுத்தனர். அரசனை உயிரோடு பிடிக்க வேண்டும் என்று பிசாரோவே குறுக்கே புகுந்து, தன் ஆட்களின் வாளால் கையில் காயம்பட்டான். ஸ்பானியர் பக்கம் அடைந்த இழப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அடுத்த நாள் சோட்டோ வெந்நீர் ஊற்றுப் பாசறையைச் சூறையாடி, 80,000 பெசோ மதிப்புள்ள பொன்னைக் கொண்டுவந்தான். தட்டுகள், குடங்கள், பானைகள், பெரிய குடிகலங்கள்! ஸ்பானியர் வாய்பிளந்து நின்றனர். அத்தவால்பா அவர்களுடைய வியப்பைக் கண்டான். இவை தன் சாப்பாட்டுக் கலங்கள்தாம், ஓடிப்போன ஏவலர்கள் இதைவிட மிகுதியாக எடுத்துச்சென்றிருக்கிறார்கள் என்று அவன் விளக்கினான். அந்த நேரத்தில்தான் தனக்கு விடுதலை கிடைக்க வழியுண்டு என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தன் நாட்டில் அவன் குவளை கொடுத்து மனிதர்களைக் கட்டினான். இவர்களும் குவளைக்குக் கட்டுப்படுகிறவர்கள் என்று கண்டான். கட்டுப்பட்டது குவளைக்கு அன்று, அதிலிருந்த பொன்னுக்கு என்பதைக் காணவில்லை.

22 அடி நீளமும் 17 அடி அகலமும் உள்ள ஓர் அறையில், எட்டடிக்கு மேல் உயரத்தில் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. அந்தக் கோடு வரை பொற்கலங்களால் ஒருமுறையும், வெள்ளியால் இருமுறையும் நிரப்புவதாக அவன் வாக்களித்தான். நம்மில் கணிதம் பயில்வோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டடி உயரத்துக்கே 2,992 கன அடி. ஏறத்தாழ 85 கன மீட்டர். அதைக் கட்டிப் பொன்னால் நிரப்பினால் 1,600 டன்னுக்கு மேல் போகும். ஆனால் கஹமார்க்காவில் உருக்கி எடுத்த பொன் முழுவதும் சேர்ந்து 6 டன் அளவே. வெள்ளி 12 டன் அளவு. அப்படியானால் அந்த அறையில் பெரும்பகுதி இருந்தது வெறும் காற்று. குடங்களுக்குள்ளும் குவளைகளுக்குள்ளும் சிச்சா இருந்த இடத்தில் இருந்த காற்று. அத்தவால்பா கலங்களை அளவாகக் கொண்டு வாக்களித்தான். பிசாரோ எடையை அளவாகக் கொண்டு வாங்கினான்.

நாட்டின் நான்கு திசைகளிலிருந்தும் லாமாக்களின் முதுகிலும் மனிதர் தோளிலும் பொன் வந்து சேர்ந்தது. குஸ்கோவுக்கு அனுப்பப்பட்ட மூன்று ஸ்பானியர் சூரியன் கோயிலின் சுவரிலிருந்து, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடையுள்ள சுமார் 700 பொற்றகடுகளைக் கடப்பாரையால் பெயர்த்தெடுத்தனர். இதற்கிடையே சிறையிலிருந்த அத்தவால்பா சும்மா இருக்கவில்லை. சதுரங்கம் கற்றுக்கொண்டான். ஆட்சியையும் நடத்தினான். ஸ்பானியர் உவாஸ்காரைத் தனக்கு மாற்றாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்று அஞ்சி, அவனைக் கொல்ல ஆணை அனுப்பினான். ஆணை நிறைவேறியது. கூண்டுக்குள் இருந்தபடியே அண்ணனைக் கொன்ற அந்த அறிவுக்கூர்மை அவனைக் காப்பாற்றவில்லை. மாறாக, பின்னால் அவன்மேல் சாட்டிய குற்றங்களுள் ஒன்றாயிற்று.

1533 மார்ச்சில் உலைகள் மூட்டப்பட்டன. உருக்கியவர்கள் யார் தெரியுமா? இன்கா நாட்டுப் பொற்கொல்லர்களே. மர அச்சின்மேல் ஒரு தகட்டை வளைத்துக் குவளையாக்கப் பல நாள் வேண்டும். அதைக் கட்டியாக்கச் சில நிமிடங்கள் போதும். ஜூலை வரை உலை அணையவில்லை. ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் அரசனுக்கு ஒதுக்கப்பட்டது. குதிரைவீரன் ஒவ்வொருவனுக்கும் ஏறக்குறைய 40 கிலோ பொன்னும் 80 கிலோ வெள்ளியும் கிடைத்தன. காலாளுக்கு அதில் பாதியளவு. அழகிய வேலைப்பாடு என்று ஒரு சிலவற்றை மட்டும் உருக்காமல் அரசனுக்காக எடுத்துவைத்தனர். இணைக்குவளைகளில் எது எதற்கு இணை என்று பார்த்தவர் எவருமில்லை.

பொன் பங்கிடப்பட்டதும் அத்தவால்பா தேவையற்றவனானான். ஏப்ரலில் வந்துசேர்ந்த அல்மாக்ரோவின் ஆட்களுக்கு மீட்புப் பொருளில் பங்கு இல்லை. அரசன் உயிரோடு இருக்கும்வரை வருகிற பொன்னெல்லாம் மீட்புப் பொருளே என்று அவர்கள் குமுறினர். ரூமிஞாவியின் தலைமையில் பெரும்படை வருகிறது என்ற வதந்தி எழுந்தது. உண்மையறிய சோட்டோவை அனுப்பினார்கள். அவன் திரும்பும்முன், 1533 ஜூலை 26ஆம் நாள் மாலை, அத்தவால்பாவைச் சதுக்கத்துக்கு இழுத்துவந்தனர். பழைய நூல்கள் பலவற்றில் ஆகஸ்டு 29 என்றிருக்கும். பின்னர் வந்த ஆராய்ச்சி அதைத் திருத்திவிட்டது. சோட்டோ திரும்பிவந்து சொன்ன செய்தி, எந்தப் படையும் வரவில்லை என்பது.

உயிரோடு எரிப்பது என்பது தீர்ப்பு. கிறித்தவனானால் எரிக்காமல் கழுத்தை நெரித்துக் கொல்வார்கள் என்றனர். அத்தவால்பா திருமுழுக்குப் பெற்றான். பிரான்சிஸ்கோ என்று பெயரிட்டனர். நோவுக்கு அஞ்சியே மதம் மாறினான் என்று எண்ணிவிடலாகாது. இன்கா அரசர்கள் இறந்த பின்பும் அரண்மனையில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய உடலைப் பதப்படுத்தி, ஆடை அணிவித்து, விழா நாட்களில் குஸ்கோச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக அமர்த்துவார்கள். ஒவ்வொருவர் முன்னும் பொன்னிலோ வெள்ளியிலோ செய்த சாடி இருக்கும். மாண்ட அரசன் ஒருவன் மற்றொருவனோடு குவளை மாற்றிக் குடிப்பான், உயிரோடிருப்பவர்களோடும் குடிப்பான். பிசாரோவின் உறவினர் பெத்ரோ பிசாரோ இதைக் கண்ணாரக் கண்டு எழுதினார். உடல் சாம்பலானால் அந்த வரிசையில் இடமில்லை. எதிரே அமர ஒருவரும் இல்லாத, குவளை நீட்ட ஒருவரும் இல்லாத சாவு அது. அத்தவால்பா அஞ்சியது அதற்கே என்று நினைக்க இடமிருக்கிறது.

மரத்தூணில் கட்டிக் கழுத்தை நெரித்தனர். பிறகு ஆடையிலும் உடலிலும் ஒரு பகுதியைத் தீயால் சுட்டனர். மறுநாள் கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்தனர். அவனைச் சேர்ந்தவர்கள் பின்னர் உடலைத் தோண்டி எடுத்து வடக்கே கொண்டுபோய்விட்டதாகச் சொல்லப்படுகிறது. குஸ்கோ வரிசையில் அவன் அமரவில்லை. சில ஆண்டுகளில் அந்த வரிசையே இல்லாமற் போயிற்று. 1559இல் ஸ்பானிய அதிகாரிகள், ஒளித்துவைத்திருந்த அரசர்களின் உடல்களைத் தேடிக் கைப்பற்றினர்.

1534 ஜனவரியில் எர்னாண்டோ பிசாரோ அரசனின் பங்கோடு செவில் துறைமுகத்தில் இறங்கினான். உருக்காமல் வந்தவற்றுள் 38 பொற்கலங்களும் 48 வெள்ளிக் கலங்களும் இருந்தன. ஒரு வெள்ளிக் கழுகின் வயிற்றில் இரண்டு குடம் நீர் கொள்ளும். வெட்டிய பசு ஒன்று முழுவதும் அடங்கும் இரண்டு பானைகள், ஒன்று பொன், ஒன்று வெள்ளி. ஊரே திரண்டு பார்த்தது. ஒரு முடிமன்னனைக் கொன்றது முறையன்று என்று ஐந்தாம் சார்லஸ் பிசாரோவுக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். பிறகு அந்தக் கலங்களையும் உருக்கிக் காசடிக்க ஆணையிட்டார். 1535இல் தூனிஸ் நகரின்மேல் அவர் எடுத்த படையெடுப்புக்கு இன்கா நாட்டுப் பொன் உதவிற்று.

அத்தவால்பாவுடையது என்று சுட்டிக்காட்டத்தக்க குவளை ஒன்றுகூட இன்று இல்லை. லிமாவிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களில் நாம் காணும் பொற்குவளைகள் பெரும்பாலும் சிக்கான், சிமூ கல்லறைகளில் மண்ணுக்கடியில் கிடந்து தப்பியவை. பொன் போனபின் ஆண்டீஸ் மக்கள் மரக் கேரோவை விடவில்லை. ஸ்பானியர் ஆட்சியிலும் அவற்றை இரண்டிரண்டாகக் கடைந்து, மரப்பிசினில் நிறம் குழைத்து, இன்கா அரசர்களின் உருவங்களை அதில் தீட்டினர். மலையூர்களில் இன்றும் சிச்சா குடிக்குமுன் முதல் துளியை மண்ணுக்கு விடுகிறார்கள்.

கஹமார்க்காவில் ஒரு கல்லறை, அதாவது கல்லாற் கட்டிய அறை, எஞ்சியிருக்கிறது. மீட்பு அறை என்று அதை அழைக்கிறார்கள். பொன் நிரப்பிய அறை அதுவன்று, அரசனைச் சிறைவைத்த அறை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. எதுவானாலும், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். பார்க்க வருவோர் அந்தக் கோட்டைப் பார்த்துச் செல்கிறார்கள்.